நன்னெறிப் பாடத்தில் புத்தர்: நடத்தப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சில விஷயங்கள்

மலேசியப் பள்ளிகளின் நன்னெறிக் கல்வியில் சமயங்களைப் பற்றிய பாடம் வரும்போது, பௌத்தம்தான் இருப்பதிலேயே சுலபமான பகுதி என்று பலரும் நினைக்கிறார்கள். அரண்மனை, குதிரை, போதி மரம், கொல்லாமை. 30 நிமிடப் பாடவேளை ஒன்றில் கதையைச் சொல்லி, படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். கெடா மாநிலத்துப் பீடோங் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் அது நடக்காது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆனால் பள்ளிக்கு வெளியே கால் வைத்தால் சீனர் கடை, கடைக்குள் சிவப்பு விளக்கு எரியும் பீடம், கெடா முழுக்க அங்கங்கே சயாமியர் கோயில்கள், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் டத்தோ கோங் மாடம். இதையெல்லாம் தினமும் பார்க்கிற பிள்ளை பாடத்தில் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்காது, கேட்கும். அந்தக் கேள்விகளுக்கு ஆசிரியர் கையேட்டில் பதில் கிடைக்காது. எனக்கு இந்தப் பாடம் சொந்தக் காசில் 400 ரிங்கிட்டுக்கு மேல் பிடித்தது. பணத்தைவிட, கேட்க ஒரு ஆள் இல்லாமல் இரவெல்லாம் குறிப்புத் தேடிக்கொண்டிருந்ததுதான் வெறுப்பாக இருந்தது. அடுத்து இதை நடத்தப் போகிறவருக்கு அந்தத் தேடலாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் சிக்கல் அட்டவணையில் இருக்கிறது. கடையில் விற்கும் பயிற்றிகளில் (பயிற்சி நூல்களில்) இதைத் தவறாமல் பார்க்கலாம்: சமயம், கடவுள், புனித நூல், வழிபாட்டுத் தலம், பெருநாள் என்று ஐந்து கட்டம். இஸ்லாம், இந்து, கிறிஸ்துவம், சீக்கியம் எல்லாம் ஏதோ ஒரு வகையில் கட்டத்துக்குள் அடங்கிவிடும். பௌத்தத்துக்கு வந்ததும் கடவுள் என்ற கட்டத்தில் 'புத்தர்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். 2020 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டு மக்களில் 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள், இஸ்லாத்துக்கு அடுத்த பெரிய சமயம். அவ்வளவு பேரின் சமயத்தைப் பற்றி நாம் சொல்லித் தரும் முதல் தகவலே தப்பு. புத்தர் தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டதில்லை, உலகத்தைப் படைத்த ஒருவர் இருக்கிறார் என்பதும் அவருடைய போதனையில் இல்லை. தேவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் பிறந்து இறக்கிறவர்களே.

பயிற்றி எழுதியவரை மட்டும் இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. கலைத்திட்டத்தில் இருக்கும் 14 நெறிகளில் முதலாவது 'இறைவன் மீது நம்பிக்கை'. 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் (தேசியக் கோட்பாட்டின்) முதல் கோட்பாடும் அதுதான். அந்த நெறியின் கீழ் எல்லாச் சமயத்தையும் அடுக்கும்போது பௌத்தத்தையும் அந்த அச்சில் ஊற்றித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இதை வகுப்பில் விவாதமாக்க வேண்டாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. கட்டத்தின் தலைப்பை மாற்றினால் போதும். 'கடவுள்' என்பதை அழித்துவிட்டு 'யாரை, எதைப் போற்றுகிறார்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். பௌத்தத்துக்கு நேராக மூன்று வரும்: புத்தர், தம்மம் (அவருடைய போதனை), சங்கம் (துறவிகளின் கூட்டம்). இதற்கு மும்மணி என்று பெயர். நூல் கட்டத்தில் 'திரிபிடகம்' என்று எழுதி, விநயம் (துறவிகளுக்கான விதிகள்), சுத்தம் (போதனை உரைகள்), அபிதம்மம் (தத்துவ விளக்கம்) என்ற மூன்று தொகுதி என்பதையும் சேர்க்கலாம். தலைப்பு மாறியதும் மற்ற சமயங்களின் விடைகளும் கொஞ்சம் விரிவாக வருவதைப் பார்ப்பீர்கள். சீக்கியத்துக்கு நேராகக் குரு கிரந்த சாகிப்பை எங்கே வைப்பது என்று பிள்ளைகளே யோசிப்பார்கள். தலைமையாசிரியரோ பாட மேற்பார்வைக்கு வருகிறவரோ கேட்டால், அவரவர் சமயத்தில் உயர்ந்ததாகப் போற்றுவதை மதிக்கச் சொல்லித் தருகிறோம் என்று சொல்லலாம். நெறியின் நோக்கம் கெடாது.

அடுத்து படங்கள். இணையத்தில் சமயச் சின்னங்கள் படத் தொகுப்பு ஒன்றை 165 ரிங்கிட்டுக்கு வாங்கி, கிழியாமல் இருக்க இன்னொரு 48 ரிங்கிட்டுக்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டாயிற்று. பிரித்துப் பரப்பினால், பெரிய தொப்பையோடு சிரித்துக்கொண்டிருக்கும் உருவத்தின் கீழே 'புத்த பெருமான்' என்று போட்டிருந்தது. அது சித்தார்த்தர் இல்லை. புடாய் என்ற 10ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி. வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் வடிவம் அவர் என்பது சீனர்களின் நம்பிக்கை. இன்னொரு அட்டையில் கூரை மேல் கடல்நாகங்கள் சுருண்டிருக்கும் ஒரு தோக்கோங்கை (சீனர் கோயிலை) போட்டுப் 'பௌத்தக் கோயில்' என்று எழுதியிருந்தார்கள். விற்றவரிடம் கேட்டால், உறை போட்ட பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று ஒரு வரிப் பதில். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருப்பேன். நல்லவேளை போடவில்லை, அந்த அட்டைகளே பிறகு 'பிழை கண்டுபிடி' பயிற்சிக்கு உதவின.

வாங்குவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். சித்தார்த்த புத்தரின் உருவத்தில் நீண்ட காது மடல், தலை உச்சியில் ஒரு மேடு, சுருள் சுருளான முடி, எளிய துறவாடை இருக்கும், நகை இருக்காது. சில சயாமிய, பர்மியச் சிலைகள் அரச கோலத்தில் இருக்கும், அது விதிவிலக்கு. வெள்ளை ஆடையில் நீர்க்குடுவையோடு நிற்கும் பெண் உருவம் குவான் யின். அவர் புத்தர் அல்ல, போதிசத்துவர் (புத்தநிலையை நோக்கிப் போகிறவர்), அவலோகிதேசுவரரின் சீன வடிவம். தமிழ்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லுங்கள்: 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததே அந்த அவலோகிதர்தான் என்கிறது. கடைசி வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். நான்கு முகத்தோடு இருப்பவர் சயாமியர் கோயில்களில் காணப்படும் பிரம்மா. டத்தோ கோங் இந்த மண்ணின் காவல் தெய்வம், பௌத்தம் அல்ல. ஒன்பது பேரரசர் விழா தாவோ சமயத்தைச் சேர்ந்தது. ஒரே குடும்பம் இவை எல்லாவற்றையும் கும்பிடும், கணக்கெடுப்பில் 'பௌத்தர்' என்றே பதிந்துகொள்ளும். மாரியம்மனையும் முனியாண்டியையும் நாகூர் ஆண்டவரையும் சேர்த்துக் கும்பிடும் தோட்டத்துக் குடும்பங்களைத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது ஒன்றும் விளங்காத விஷயம் இல்லை.

பௌத்தக் கொடிக்கு வண்ணம் தீட்டும் பயிற்சியிலும் கவனம் வேண்டும். 1885இல் கொழும்பில் உருவான அந்தக் கொடியில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு என்று ஐந்து செங்குத்துப் பட்டைகள், கடைசியில் ஆறாவது பட்டை. அந்த ஆறாவதில் இதே ஐந்து நிறமும் குறுக்குக் கோடுகளாக, மேலே நீலத்தில் தொடங்கிக் கீழே ஆரஞ்சில் முடியும். பயிற்றிகளில் ஆறாவது பட்டையைத் தனி நிறமாகப் போட்டுவிடுவார்கள். விசாக தினத்தன்று பிள்ளை நிஜக் கொடியைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும்.

கதைக்கு வருவோம். முதியவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளைக் கண்டு, நள்ளிரவில் மனைவியையும் குழந்தையையும் விட்டுக் கிளம்பினார், போதி மரத்தடியில் ஞானம் பெற்றார் என்பதோடு பயிற்றிகள் நிறுத்திக்கொள்கின்றன. அவர் வீட்டை விட்டது 29 வயதில், ஞானம் பெற்றது 35இல், இறந்தது 80இல். நடுவில் ஊர் ஊராக நடந்து போதித்த 45 ஆண்டுகள் பாடத்தில் காணாமல் போய்விடுகின்றன. நன்னெறிப் பாடத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த 45 ஆண்டில்தான் இருக்கிறது. நாவிதரான உபாலியைச் சாக்கிய இளவரசர்களுக்கு முன்னதாகச் சங்கத்தில் சேர்த்து, அந்த இளவரசர்கள் அவரை வணங்க வேண்டிய நிலையை உண்டாக்கியது, கவனிப்பாரில்லாமல் கிடந்த நோயாளித் துறவியைத் தானே கழுவிப் படுக்க வைத்தது, பிள்ளையைப் பறிகொடுத்த கிசா கோதமியைச் சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னது. ஒரு பாடவேளைக்கு ஒரு சம்பவம் எடுத்தால் போதும். நான்கு காட்சிகளைப் பற்றி இன்னொன்று: பழைய பாலி சுத்தங்களில் அந்தக் கதை விபஸ்ஸி என்ற முந்தைய புத்தரைப் பற்றியே விரிவாக வருகிறது. கோதமர், அதாவது நம் கதையின் புத்தர், தன் துறவைப் பற்றித் தானே சொல்லும் இடத்தில், அழுதுகொண்டிருந்த பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தலையை மழித்துக்கொண்டு கிளம்பியதாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளிடம் இந்த நுணுக்கம் வேண்டாம். ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் நள்ளிரவுக் காட்சியை ஒரே உண்மை மாதிரி அடித்துச் சொல்ல மாட்டார்.

ஏன் அடித்துச் சொல்லக் கூடாது என்றால், அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். "டீச்சர், குழந்தைய வுட்டுட்டுப் போனது சரியா?" நன்னெறிப் பாடத்திலேயே 'கடமையுணர்வு' என்று ஒரு நெறி இருக்கிறது. அப்பா சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைகூட வீட்டுக்கு வர முடியாது என்ற பிள்ளைகள் தோட்டப்புறப் பள்ளிகளில் உண்டு. சில வீட்டில் அப்பா திரும்பியே வராமல் போயிருப்பார். இந்தக் கேள்வி அங்கிருந்து வருகிறது. 'பெரிய நோக்கத்துக்காகப் போனார்' என்று சமாளித்தால் அந்தப் பிள்ளையின் முகம் மூடிக்கொள்ளும், அப்புறம் பாடம் ஏறாது. நூலில் இருக்கும் மிச்சக் கதையைச் சொல்லுங்கள். மகன் ராகுலன் பிறகு சிறுவனாகவே சங்கத்தில் சேர்க்கப்பட்டான். அதைக் கேட்டுத் தாத்தா சுத்தோதனர் வேதனைப்பட்டு, மகன் போன வலியையும் பேரன் போன வலியையும் புத்தரிடமே முறையிட்டார். அன்றிலிருந்து பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று விதி வந்தது. விநயத்தில் இருக்கும் அந்த விதி இன்றைக்கும் நடப்பில் உண்டு. வீட்டில் இருந்தவர்களின் வலி நிஜம், அது கேட்கப்பட்டது, அதனால் ஒரு விதியே வந்தது என்று பிள்ளைக்குப் புரிந்தால் போதும். அவர் செய்தது சரியா தப்பா என்ற தீர்ப்பை நாம் வழங்க வேண்டியதில்லை.

கோட்பாட்டுப் பகுதியில் 'ஆசையே துன்பத்துக்குக் காரணம், ஆகவே ஆசைப்படாதே' என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். உடனே ஒரு பிள்ளை எழுந்து, டாக்டராக ஆசைப்படலாமா கூடாதா என்று கேட்கும். எண்வழிப் பாதையில் நன்முயற்சி என்பதே தனி அங்கம், முயற்சி வேண்டாம் என்று பௌத்தம் சொல்லவில்லை என்று காட்டினால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடும். எட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை, இரண்டே நாளில் மறந்துவிடுவார்கள். மூன்று கூறாகப் பிரித்துக் கொடுங்கள். நற்பேச்சு, நற்செயல், நல்வாழ்க்கை மூன்றும் ஒழுக்கம். நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்தியானம் மூன்றும் மனப் பயிற்சி. நற்காட்சியும் நல்லெண்ணமும் அறிவு. சுகபோகத்துக்கும் உடலை வதைக்கும் தவத்துக்கும் நடுவே போகும் வழி என்பதை, கலைத்திட்டத்தில் உள்ள 'மிதமான மனப்பான்மை' நெறியோடு இணைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். சொல்லப்போனால் பௌத்தத்தை முதல் நெறியில் திணிப்பதைவிட இந்த நெறியில் நடத்துவதுதான் பொருத்தம்.

நான்கு உண்மைகளைத் தமிழில் சொல்ல யாரும் புதிதாக மொழிபெயர்க்க வேண்டாம். மணிமேகலையில் மாதவி, அறவண அடிகளிடம் கேட்டதாகச் சொல்லும் வரிகள் இவை: "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேரின்பம், பற்றின் வருவது முன்னது, பின்னது அற்றோர் உறுவது அறிக." துன்பம், துன்பமற்ற நிலை, ஒன்றின் காரணம், மற்றதன் வழி என நான்கும் நான்கு அடியில் முடிந்துவிட்டது. அடுத்த அடியிலேயே ஐவகைச் சீலமும் வந்துவிடும். தமிழ் மொழிப் பாடத்தில் ஐம்பெருங்காப்பியங்களின் பெயரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அதில் மணிமேகலையும் குண்டலகேசியும் பௌத்தக் காப்பியங்கள் என்பதை நன்னெறி வகுப்பு சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றச் சொல்லி மணிமேகலை அரசனிடம் வரம் கேட்கும் பகுதியை நாடகமாகப் போடலாம். ஒரு கிண்ணமும் நாலு பிள்ளைகளும் இருந்தால் போதும், செலவே கிடையாது.

ஐந்து சீலத்தில்தான் தோட்டம் உள்ளே வருகிறது. கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான பாலியல் நடத்தையிலிருந்து விலகல், பொய் சொல்லாமை, அறிவை மயக்கும் குடியிலிருந்து விலகல். மூன்றாவதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பயிற்றியில் 'பேராசை கொள்ளாமை' என்று மாற்றிவிடுகிறார்கள். அது தப்பு, 'கணவன் மனைவி ஒருவருக்கொருவர் உண்மையாக இருத்தல்' என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதுமானது. ஐந்தாவதில், கள்ளும் சம்சுவும் என்ன செய்யும் என்பது நம்மைவிட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். 'உங்கள் வீட்டில் யாராவது குடிக்கிறார்களா' என்ற கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் கேட்டுவிடாதீர்கள். பொதுவாகப் பேசி நகர்ந்துவிடுவது நல்லது.

முதல் சீலத்தில் நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள். செம்பனைக்கு எலி பெரிய தொல்லை. எலி மருந்து வைப்பவரும் களைக்கொல்லி அடிப்பவரும் இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாதான். அவர்களைப் பாவி என்று நினைத்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போனால் அந்த வகுப்பு உருப்பட்டதாக அர்த்தமில்லை. சயாமியரும் பர்மியரும் இலங்கையரும் பின்பற்றும் தேரவாத மரபில் ஒரு கொலை முழுக் கொலையாக ஐந்து கூறு வேண்டும்: அங்கே ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிய வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான செயல் வேண்டும், அதனால் அது சாக வேண்டும். தெரியாமல் மிதித்த எறும்புக்கும் குறி பார்த்து அடித்த பறவைக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிவிடும். எலி மருந்துக்கு இது விலக்குத் தராது, அதையும் மறைக்க வேண்டாம். வேலையாகச் செய்கிறவர்களுக்கு அது சங்கடம்தான். ஆகவேதான் எலி பிடிக்க ஆந்தைக் கூடு வைக்கும் தோட்டங்கள் இருக்கின்றன என்று பேச்சைத் திருப்பலாம், அந்தக் கூடுகளைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பயிரும் செடியும் இந்தச் சீலத்தில் வராது, அதனால் களைக்கொல்லி வேறு விவகாரம். அங்கே கேள்வி அடிக்கிறவர் உடம்பைப் பற்றியது. பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்ததைச் சொல்லி, விஷ வியாபாரம் கூடாது என்று புத்தர் சொன்ன ஐந்து தகாத வியாபாரங்களோடு சேர்த்துப் பேசலாம். மற்ற நான்கு ஆயுதம், மனிதர், இறைச்சி, மது.

பௌத்தர் எல்லாரும் சைவம் என்ற வரியை அடித்துவிடுங்கள். சீன மகாயான மரபில் துறவிகள் சைவம், பக்தர்கள் பலர் சீன மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் சைவம். தேரவாதத் துறவி பிச்சையில் விழுந்ததைச் சாப்பிடுவார், தனக்காகவே கொன்றதாகப் பார்த்திருந்தாலோ கேட்டிருந்தாலோ சந்தேகப்பட்டாலோ இறைச்சியைத் தொட மாட்டார்.

பெற்றோர் பக்கத்திலிருந்து இரண்டு விதமாக வருவார்கள். ஒருவர், "புத்தரு நம்ம பெருமாளோட அவதாரந்தானே, எதுக்கு வேற மதம்னு சொல்லிக் குடுக்கிறீங்க?" என்பார். சில புராணங்கள் அவரைத் திருமாலின் அவதார வரிசையில் வைக்கின்றன, பௌத்தர்கள் அதை ஏற்பதில்லை என்று இரண்டையும் சொல்லிவிட்டால் சண்டை வளராது. இந்தியப் பாடநூல்களிலிருந்து குறிப்பு இறக்கி நடத்துகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே பௌத்தம் பொதுவாக இந்தியத் தத்துவங்களில் ஒன்றாக, வேதத்தை ஏற்காத பிரிவாக, இந்தியாவை விட்டு மறைந்துபோன பழங்கதையாக வரும். நம் பிள்ளைகளுக்கு அது அடுத்த வீட்டுக்காரரின் சமயம். இந்தியாவிலேயே 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரும் அவரோடு லட்சக்கணக்கானோரும் பௌத்தம் தழுவியதோடு அந்தக் கதை மறுபடி தொடங்கிவிட்டது. பிறப்பால் யாரும் தாழ்ந்தவரில்லை என்ற போதனையைச் சொல்லாமல் 'அன்பே பௌத்தம்' என்று பூசி மெழுகுவது எனக்கு உடன்பாடில்லை. சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

இன்னொருவர் மதமாற்றத்துக்குப் பயந்து வருவார். அவருடைய பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 12(3)ஆம் பிரிவு, தன்னுடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ சடங்கிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 12(4)இன்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலர். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்திலேயே 'பார்த்து அறிந்துகொள்வதற்கு மட்டும், வழிபாட்டில் பங்கேற்பு இல்லை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கோயிலுக்கு வெளியே ஊதுபத்திக் கட்டோடு யாராவது வருவார்கள், பிள்ளைகள் கையில் வாங்கக் கூடாது. தானாகக் கைகூப்புகிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம், வரிசையில் நிறுத்திக் கும்பிட வைக்கவும் வேண்டாம்.

சுற்றுலாவுக்குப் பினாங்குதான் வசதி. பர்மா சந்தில் 1803இல் தொடங்கிய பர்மியக் கோயில் தம்மிகராமாவும், 33 மீட்டர் நீளக் கிடந்த புத்தர் இருக்கும் சயாமியக் கோயில் வாட் சாயாமங்கலாராமும் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டும் தேரவாதம், கட்டடக் கலை மட்டும் வேறு. ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி மகாயானம். 1930இல் முடிந்த அதன் கோபுரத்தின் அடி சீனப் பாணி, நடு சயாமியப் பாணி, உச்சி பர்மியப் பாணி. பௌத்தம் ஒரே அச்சு இல்லை என்று விளக்க அந்தக் கோபுரத்தைக் காட்டினாலே போதும். காலையில் பர்மா சந்து, மதியத்துக்கு மேல் கெக் லோக் சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேரவாதத் துறவிகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை, 11 மணிக்கு மேல் போய் அவர்களிடம் பேச நேரம் கேட்டால் கிடைக்காது. தானமாக ஏதும் கொண்டுபோனாலும் அதற்குள் கொடுத்துவிட வேண்டும். பெண் ஆசிரியரும் மாணவியரும் துறவியின் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது, மேசையிலோ அவர் விரிக்கும் துணியிலோ வைக்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை, வெளியே செருப்பு, சிலைக்கு முதுகு காட்டிப் படம் பிடிக்காமை, உட்காரும்போது கால் சிலையின் பக்கம் நீளாமை. கிடந்த புத்தரின் பின்பக்கம் அஸ்திப் பேழைகள் வைத்த மாடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி தூங்க மாட்டார்கள், மறுநாள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். அது தூங்கும் கோலமல்ல, குசினாராவில் அவர் உயிர் நீத்த கோலம் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

பேருந்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மாவட்டக் கல்வி அலுவலக அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பணம் போகும். எனக்குப் போனது 200 ரிங்கிட். தேதி பறிபோகும், உடனே கட்டுங்கள் என்று பேருந்துக்காரர் அவசரப்படுத்தினார், அனுமதி தாமதமானது, கட்டியது திரும்பவில்லை. 'அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்' என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், எழுதித் தராதவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். இஸ்லாமியக் கல்வி வகுப்புக்குப் போகும் மாணவர்கள் பள்ளியில் இருந்தால், அவர்களையும் சேர்த்து 'எல்லாரும் வரலாம்' என்று அறிவித்துவிடாதீர்கள். அவர்கள் விஷயத்தில் தலைமையாசிரியர் முடிவெடுக்கட்டும்.

பினாங்குக்குப் போக வசதியில்லையென்றால் அரை மணி நேரத்துக்குள் மெர்போக் போய்விடலாம். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சிசாலையில் பௌத்தத் தடயமும் சைவத் தடயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம்: வளாகத்தில் பெரிதாகத் தெரியும் புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) சைவக் கோயில், அதைப் புத்தர் கோயில் என்று சொல்லிவிடக் கூடாது. பௌத்தத்துக்குச் சான்றாக, மகாநாவிகன் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பெயர் பொறித்த, தூபி வரைந்த கல்லைச் சொல்லலாம். செபராங் பிறையில் 1834இல் கண்டெடுக்கப்பட்ட அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின் கதை. ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னர் குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியது. சைவனான ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு எழுதி வைத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படுவது அந்தச் சாசனம்தான். 1025 வாக்கில் அவன் மகன் ராஜேந்திரன் இதே கடாரத்தின் மேல் படையெடுத்தான். 'விட்டுக்கொடுக்கும் போக்கு' என்ற நெறிக்குக் கற்பனைக் கதை தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில், நாம் நிற்கிற மண்ணிலேயே இவ்வளவு கிடக்கிறது. கொடுத்ததை மட்டும் சொல்லிவிட்டுப் படையெடுப்பை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் இரண்டையும் தாங்குவார்கள்.

கடைசியாக வகுப்பறை மதிப்பீடு. 'பௌத்தர்களின் கடவுள் யார்?' என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்கு 'இல்லை' என்று எழுதும் பிள்ளைக்குத் தப்புப் போட வேண்டி வரும், அந்தப் பிள்ளைதான் சரியாகப் படித்திருக்கும். 'உன் நண்பன் விசாக தினத்தன்று உன்னை வீட்டுக்கு அழைக்கிறான், நீ என்ன செய்வாய், என்ன கேட்பாய்?' என்பது போன்ற கேள்விக்கு வரும் விடையில் பிள்ளைக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புத்தர் பிறந்த ஆண்டைக் கேட்க வேண்டாம். தேரவாத மரபு ஒன்று சொல்கிறது, ஆய்வாளர்கள் வேறு சொல்கிறார்கள், கணக்கு 100 ஆண்டுக்கு மேல் தள்ளிப்போகும். பௌத்த ஆண்டு கேட்பதும் வேண்டாம். 2025 விசாகத்தை இலங்கை மரபினர் 2569 என்று எழுதினார்கள், சயாமிய நாள்காட்டியில் அது 2568. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து இரண்டு விடை எழுதினால் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.